பாலம் வருது, வாங்க

1979 ஆனி மாதத்தில் நான் ஒரு பழைய கார் வாங்கப் புறப்பட்டது ஆசையால் அல்ல. இலத்தூரில் எங்கள் வீடு ஊருக்கு வெளியே, தென்காசி போகும் வழியில் இருந்தது. தென்காசியிலிருந்து வந்தால் வீட்டுக்குச் சற்று முன்னால் குளத்துக் கால்வாயின் மேல் ஒரு குட்டைப் பாலம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி அடைமழையில், வாடகைக் கார் எதுவும் வராமல், வலியெடுத்த மனைவியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அந்தப் பாலத்தின் மேலேயே குழந்தை பிறந்தது. அது அழவே இல்லை. வண்டியைத் திருப்பினோம்.

இப்போது மறுபடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடியில் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆடி என்றால் சாரல் காலம். தென்காசி வாடகைக் கார்கள் எல்லாம் குற்றாலத்தில்தான் கிடக்கும். ஆகவே வாசலில் ஒரு கார் நின்றாக வேண்டும் என்று முடிவு செய்தேன். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கருப்போ வெள்ளையோ, எதுன்னாலும் சரி. அதுல யாரும் செத்திருக்கக் கூடாது. அதை மட்டும் நல்லா விசாரிச்சுருங்க."

விசாரிப்பது என் சுபாவம். எந்தப் பொருளுக்கும் அது வந்த வழி தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. கீழப்பாவூரில் ஒரு பெரிய வீட்டு அம்பாசடர் விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டதும் முதலில் காரைப் பார்க்கப் போகவில்லை. காரைத் தெரிந்தவர்களைப் பார்க்கப் போனேன். தென்காசியில் அதற்கு எப்போதும் வேலை பார்க்கும் மெக்கானிக், காரின் மிதியடி விரிப்பைத் தூக்கிப் பார்த்திருப்பதாகவும், அடிபட்டு ஒட்டு வைத்த தடம் எங்கும் இல்லை என்றும் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்த ஏட்டு, அந்த நம்பரில் ஒரு கேஸும் இல்லை என்றார். பெட்ரோல் பங்கில், "அதுவா? மாட்டு வண்டி முந்திட்டுப் போனாக்கூட ஹாரன் அடிக்காத காருல்லா அது" என்று சிரித்தார்கள். கை மாறாத கார். அந்த வீட்டுப் பெரியவர் வாங்கியது, அவர் தவறிப்போன பிறகு ஓராண்டாக டிரைவர் மட்டும் வாரம் ஒரு முறை ஓட்டி வைத்திருந்தார்.

பம்பாயிலிருந்து வந்திருந்த மூத்த மகன்தான் விற்பவர். நேராகவே கேட்டேன்.

"இந்தக் காருல யாராவது இறந்துபோயிருக்காங்களா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இதுல யாருமே சாகல சார். சாமி சத்தியமா. வேணும்னா டிரைவரக் கேளுங்க."

டிரைவருக்கு அறுபது வயதிருக்கும். துணியால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "காருல யாரும் சாகல" என்றார். 'காருல' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னது போல இருந்தது. அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை.

மகன் பம்பாய் திரும்பும் அவசரத்தில் இருந்தார். காரையும் டிரைவரையும் ஒரு மாதம் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படி விட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் ஏற்றிக்கொண்டு குற்றாலம் கிளம்பினோம். நான் முன்னால், அவள் பின்சீட்டில், ஜன்னலோரம்.

வீட்டை விட்டுப் புறப்பட்டதும் கால்வாய்ப் பாலம். டிரைவர் வேகத்தைக் குறைத்து, தணிந்த குரலில், "பாலம் வருது, வாங்க" என்றார்.

ரோடு குலுக்கும் என்று எச்சரிக்கிறார் என நினைத்தேன். கர்ப்பிணி இருக்கிறாளே, நல்ல மனிதர் என்றும் நினைத்தேன். ஆனால் குலுங்காத பாலத்திலும் அதையே சொன்னார். சிற்றாற்றின் மேல் போகும்போது சொன்னார். ஒரு எட்டில் தாண்டிவிடக்கூடிய வாய்க்கால் மதகிலும் சொன்னார். ஒவ்வொரு முறையும் அதே மூன்று சொற்கள், அதே தணிவு. சொல்லிவிட்டு முன் கண்ணாடியில் ஒரு கணம் பின்சீட்டைப் பார்ப்பார். அவர் பார்த்தது என் மனைவியை அல்ல, சீட்டின் நடுவை.

குற்றாலத்தில் இறங்கும்போது அவள் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். இடது பக்கம் உலர்ந்திருந்தது. சீட்டின் நடுவைத் தொட்டிருந்த வலது பக்கம் முழங்கால் வரை நனைந்திருந்தது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன.

"சாரல் உள்ள வந்திருக்கும்" என்றேன்.

"ஒரு பக்கமாவா?" என்றாள்.

டீக்கடைக்கு அவளை அனுப்பிவிட்டு டிரைவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, பாலத்துக்குப் பாலம் யாரைக் கூப்பிடுதீங்க?"

அவர் அருவியின் பக்கம் முதுகைக் காட்டித்தான் காரை நிறுத்தியிருந்தார். "ஒங்களையில்ல சார்."

பிறகு சொன்னார். போன சாரலில் முதலாளி குளிக்க வந்திருக்கிறார். பாறையில் வழுக்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. சொந்தக் கார் இருக்கையில் வேறு வண்டி எதற்கு என்று, நெற்றியில் திருநீறு பூசி, உயிரோடு இருப்பவரைப் போலப் பின்சீட்டின் நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மகன்கள் தாங்கிக்கொள்ள ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

"செத்தவங்களுக்குத் தண்ணியத் தாண்டத் தெரியாது சார். ஆத்துமா இக்கரையிலயே நின்னுரும். பாலத்துக்குப் பாலம் சொல்லிக் கூப்பிடணும்னு எங்க பக்கத்துல ஒரு பழக்கம். பிள்ளைக ரெண்டும் அழுத அழுகையில வாயத் தொறக்கல. நாந்தான் கூப்பிட்டேன். நல்லபடியா வீடு வந்து சேந்தாரு. எல்லாம் முடிஞ்சுது."

"அப்புறம் என்ன?"

"எலும்பெடுத்துக் காடாத்து முடிஞ்சு மறுநா சாமான் வாங்கத் தென்காசிக்கு வெறுங்காரோட வாரேன். பாலம் வந்துது. பழக்கத்துல வாய் சொல்லிட்டுது. 'பாலம் வருது, வாங்க'ன்னுட்டேன்." அவர் கையிலிருந்த துணியைப் பிழிந்தார். "பின்சீட்டு ஸ்பிரிங்கு அமுங்குச்சு சார். கேட்டுது. கரை சேந்தவர நானே கூப்பிட்டு ஏத்திக்கிட்டேன். இப்ப நடுவழியில விடச் சொல்லுதீங்களா?"

சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் முகத்தில் அதற்கு இடமில்லை.

இதில் யாரும் சாகவில்லை என்பது சத்தியமான உண்மைதான். என் கேள்விதான் பிழை. செத்தவர் யாராவது வந்திருக்கிறாரா என்று கேட்டிருக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். காரணத்தை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"டீக்கடைக்கும் காருக்கும் எவ்வளவு தூரமாம்? எல்லாம் கேட்டுது" என்றாள். "இந்த மழையில இன்னொரு காரு எவன் தருவான்? அவரு பாட்டுக்கு வாராரு, போறாரு. என்னை என்ன செஞ்சாரு?"

ஆடி இரண்டாம் வாரம் அவளுக்கு வலியெடுத்தது. மழை திரை போட்டிருந்தது. டிரைவர் காரை வாசலோடு ஒட்டி நிறுத்தினார். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். கால்வாய்ப் பாலம் நெருங்கியது. மூன்று ஆண்டுகளாக அந்த இடம் வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அன்று மூடவில்லை.

"பாலம் வருது, வாங்க" என்றார் டிரைவர்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் காலடிப் பக்கம் பார்த்து, "ஐயா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கால நீட்டணும்" என்றாள்.

காலை நீட்டினாள். இடம் இருந்தது. அவ்வளவு இடம் அங்கே இருக்க நியாயமில்லை. அவள் காலுக்கு அப்பால், எதிர்க் கதவோரமாக ஏதோ அழுந்தியது போல் சீட்டு முனகியது.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற எனக்கே அதன் அழுகை கேட்டது.

அழைத்துவரும் நாளிலும் தூறல். ஆஸ்பத்திரியில் காரில் ஏறியதுமே மனைவி சொல்லிவிட்டாள். "அண்ணாச்சி, நம்ம கால்வாய்ப் பாலத்துல மட்டும் நீங்க சொல்லாதீங்க. நான் சொல்லிக்கிடுதேன்."

"ஏன் தாயி?"

"பிள்ளை மொத மொதல்ல தாண்டுது."

மற்றப் பாலங்களில் அவர் தம் வழக்கப்படி சொன்னார். எங்கள் பாலம் வந்தபோது உதட்டை இறுக்கிக்கொண்டார். மனைவி குழந்தையின் காதருகே குனிந்து, "பாலம் வருது, வா" என்றாள்.

வா. வாங்க அல்ல. கீழப்பாவூர்ப் பெரிய வீட்டு மனிதர் ஒரு 'வா'வுக்கு வருவாரா? கார் அக்கரையில் இறங்கும்போது பின்பக்கம் சட்டென்று எழும்பியது. பாரம் இறங்கிய வண்டியைப் போல. சீட்டின் நடுவில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

வீட்டு வாசலில் டிரைவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு சாவியை என் கையில் கொடுத்தார்.

"காரு இனி சுத்தம் சார். தயங்காம வாங்கிக்கிடுங்க. மொதலாளிய நான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிருதேன்."

குடையை எடுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "பாலம் வருது, வாங்க."

பஸ் நிற்கும் இடம் ஊருக்குள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். குடையைத் தனக்குப் பிடிக்காமல் வலப்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, தோள் நனையப் பாலத்திலிருந்து திரும்பி வந்தார். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது அவருடைய இடது கை. அது வெறுமனே தொங்கவில்லை. விரல்கள் லேசாக மடங்கி, எதையோ பிடித்தாற்போல, இடுப்புக்கும் கீழே தாழ்ந்திருந்தது. நடையும் மாறியிருந்தது. குட்டை எட்டாக, நின்று நின்று, பக்கத்தில் வருவதற்கு ஈடுகொடுத்து நடந்தார்.

அந்தக் கையின் உயரத்தை நான் மனத்துக்குள் அளந்தேன். அளந்திருக்க வேண்டாம். அன்று அழாதது இருந்திருந்தால் மூன்று வயது ஆகியிருக்கும்.

'வாங்க' என்றால் மரியாதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒருவருக்கு மேல் நின்றாலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

மனைவி கைக்குழந்தையோடு நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்த என்னைத் தடுத்தாள்.

"போகட்டும்" என்றாள். "இவ்வளவு நாளும் அங்கன தனியால்லா நின்னுது."