பின்வாசல் படி

ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது கூரை ஒழுகினால் அப்பா ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ச் சொல்வார். குழாயில் தண்ணீர் நின்றாலும் கிராணி, கக்கூஸ் கதவு கழன்றாலும் கிராணி. நிர்வாகம் யாராவது ஓர் ஆளை அனுப்பும். வரிசையாகக் கட்டிய லயத்து வீடு நிர்வாகத்துடையது, அதில் தப்பு சொல்ல முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் ஜாசின் பக்கமிருந்த எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பாயா ரும்புட்டில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். எங்கள் வம்சத்திலேயே முதல் சொந்த வீடு, அப்பா பெயரில். கிராணியைத் தேடும் பழக்கமும் தட்டுமுட்டுச் சாமான்களோடு லோரி ஏறி வந்துவிட்டது.

குடிவந்த கொஞ்ச நாளிலேயே பின்வாசல் படி பிளந்தது. கட்டியவன் மட்டமாகத்தான் கட்டியிருந்தான், நான் மறுக்கவில்லை. அப்பா வீடமைப்பு அலுவலகத்துக்குப் போனார். எங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியான ஒய்பியின் சேவை மையத்துக்கும் போனார். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். யாரும் வரவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன், தன் வீட்டு வேலையில் மீந்துபோன சிமெண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அரை மணி நேர வேலைதான்லா மாமா. நானே பூசிடறேன்."

அப்பா ஓடிவந்து தடுத்தார். "கை வெக்காதய்யா! நாம பூசிட்டா அவன் வந்து என்னத்தப் பாப்பான்? கேஸு போயிடும்லா!"

அன்றிலிருந்து அந்தப் படியைக் கண்ணுக்குக் கண்ணாகக் காத்தார். விருந்தாளிகள் தேத்தண்ணி குடிப்பதற்கு முன்பே அவர்களைப் பின்வாசலுக்கு அழைத்துப் போவார். "பாருங்க, நம்ம ஆளுங்கன்னா இவனுங்களுக்கு அவ்வளவு இளக்காரம்." வந்தவர்களும் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பேக்டரியில் கைநிறையச் சம்பளம் வாங்கிய நானும் அந்தப் படியைத் தாண்டித் தாண்டித்தான் போய்வந்தேன். அப்பா வீடு, அப்பா பாடு என்று இருந்தேன்.

ஒரு மழைநாள் காலையில் துணிவாளியோடு அம்மா அதில் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் வலியில் முனகிக்கொண்டிருந்தபோது அப்பாவின் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"இப்பப் பதில் சொல்லட்டும்! இனிமே என்ன சொல்றானுங்கன்னு பாக்கறேன்!" என்றார், வார்டே திரும்பிப் பார்க்கும்படி. அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை. கால் கோணலாகச் சேர்ந்து, கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த அம்மா, ஒருநாள் பின்வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தாள். "கடைக்குப் போயி சிமெண்டு வாங்கிட்டு வா. நான் சொல்றேன், நீ பூசு."

பூசினேன். படி அவ்வளவு நேராக வரவில்லை, ஆனால் ஆடவில்லை. வெளியே போயிருந்த அப்பா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேஸையே கெடுத்துட்டீங்களே!"

"என் காலு கெட்டுச்சே, அது?" என்றாள் அம்மா. அப்பா உள்ளே போய்விட்டார்.

சில நாள் கழித்துத் தோட்டத்துப் பழைய ஆட்கள் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அப்பா பழக்கதோஷத்தில் அவர்களைப் பின்வாசல்வரை அழைத்துப் போனார். பூசிய படியைப் பார்த்ததும் நினைவு வந்து, எல்லாரையும் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார்.

"உன் காலக் கொஞ்சம் காட்டு," என்றார். "அரசாங்கம் நமக்குச் செஞ்ச வேலைய இவங்களும் பாக்கட்டும்."

அம்மா கைலியைப் பாதம்வரை இழுத்து மூடிக்கொண்டாள்.