இடது கைப் பிரேக்

முரளி பொய் சொல்கிறார். நான் பயந்துபோய் விழவில்லை.

சைக்கிளை வாடகைக்குக் கொடுத்து மலைப்பாதைக்குக் கூட்டிப்போகிறவர் அவர். என்னைப் போல மூளை அதிர்ச்சி (அடிபட்ட வேகத்தில் மூளை மண்டைக்குள் குலுங்குவது) வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்கிறேன். உங்களுக்கு ஞாபகம் இல்லாத நேரத்தை மற்றவர்கள் தங்கள் வசதிக்கு நிரப்பிவிடுவார்கள். விடாதீர்கள்.

எனக்கு ஞாபகம் இருப்பது மலை உச்சிப் பாறை வரைதான். கீழே இரண்டு ஏரி, ராகி வயல், தூரத்தில் புகை மாதிரி பெங்களூரு. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன் நான். அவ்வளவு தூரம் கண் போய்ப் பழக்கமில்லை. சைக்கிளோடு நிற்கவைத்து முரளி போட்டோ எடுத்தார். அடுத்து இறங்க வேண்டியது பாறைச் சரிவு.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி விளக்கு. நடுவில் மூன்று மணி நேரம் இல்லை. காறை எலும்பு (கழுத்தடிக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது) இரண்டு துண்டு. தகடு வைத்துத் திருகினார்கள்.

ஞாபகம் திரும்புமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"வராது. வந்த மாதிரி இருந்தாலும் நம்பாதீங்க. நீங்களே கட்டினதா இருக்கும்."

அன்றிலிருந்து என்னையும் சந்தேகப்படுகிறேன்.

முரளி பழத்தோடு வந்து, பயத்தில் நான் முன்பிரேக்கை அழுத்தித் தலைகுப்புற விழுந்ததாகச் சொன்னார். தன் கடையின் ஃபேஸ்புக் பேஜிலும் அந்த உச்சிப் பாறைப் போட்டோவைப் போட்டு அப்படியே எழுதினார். என் மனைவி விமலா பாதி நம்பினாள்.

"ஸ்பீட் பிரேக்கரைப் பார்த்தாலே ஸ்கூட்டர்ல ரெண்டு காலையும் ஊன்றவர்தானே நீங்க?"

ஆறாவது வாரம் பிசியோதெரபியில் சாய்தளத்தில் இறங்கச் சொன்னார்கள். என் இடது கையின் இரண்டு விரல் தானாக மடங்கியது. எதைப் பிடிக்கிறீர்கள் என்று பயிற்சி கொடுக்கிற பெண் கேட்டாள். பின்பிரேக் என்றேன். ஊரில் எல்லா சைக்கிளிலும் அது இடது பக்கம்தான். சரிவில் வேறெதையும் நான் தொட்டதில்லை.

வீட்டுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கினேன். இடது பிரேக்கின் கேபிள் முன்சக்கரத்துக்குப் போகிறது. வெளிநாட்டு சைக்கிள் சிலது அப்படித்தான் வரும் என்று பிறகு விசாரித்தேன். முரளி சொல்லவில்லை. லேத்தைத் தொடுமுன் ஒவ்வொரு லீவரையும் இழுத்துப் பார்ப்பவன், அன்று பார்க்கவில்லை. அது என் தப்பு.

அவர் கடைக்குப் போனேன். அதே சைக்கிள், போட்டோவில் தெரிந்த அதே கீறல். இடது கேபிள் இப்போது பின்சக்கரத்துக்குப் போகிறது. கேபிள் மட்டும் புதுசாக மின்னியது.

"இது எப்பவும் இப்படித்தான் சார்," என்றார்.

அன்று சாயங்காலமே அவர் பேஜில் அந்தப் போட்டோ இல்லை. விமலா முதலிலேயே அதைத் தன் போனில் இறக்கி வைத்திருந்தாள். என்னை நம்ப வேண்டாம். போட்டோவுக்கு மண்டையில் அடிபடவில்லை.

காலையில் தோளில் தகடு குளிர்கிறது. அந்த மூன்று மணி நேரம் இனி வராது. மெட்ரோ படியில் இறங்கும்போதுகூட இரண்டு விரலும் மடங்குகிறது. நான் பிரிப்பதில்லை. சரிவில் நடந்தது அந்த விரல்களுக்குத்தான் தெரியும்.

முரளி, இந்த ஞாயிறும் ஆட்களைக் கூட்டிப்போகிறீர்கள். அதற்கு முன், என்னைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதிய அதே பேஜில் பதில் எழுதுங்கள். அன்று அந்த இடது பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடித்தது? கேபிளை எப்போது மாற்றினீர்கள்?