வீதிக்குக் கிரவல் வந்தது

சமாதானக் காலத்தில் நான் பெரிய மனிதனாக இருந்தேன். சண்டையை நிறுத்திவிட்டு அரசும் இயக்கமும் மூன்றாவது நாடொன்றை நடுவில் வைத்து எங்கேயோ வெளிநாட்டில் பேசிக்கொண்டிருந்தன. அந்த நாட்டின் கண்காணிப்பாளர்கள் எங்கள் வெள்ளாங்குளத்துக்கும் வருவதாக இருந்தது. ஊரில் ஆங்கிலம் தெரிந்த வாத்தியார் நான் ஒருவன்தான். மொழிபெயர்ப்பாளனும் நானே. நடுவர் தீர்ப்புச் சொல்லமாட்டார், கேட்டு எழுதுவார் என்று தேநீர்க்கடையில் கால்மேல் கால் போட்டு விளக்கம் கொடுத்தேன். தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

முறைப்பாடு கேட்க அந்தக் கண்காணிப்பு அதிகாரி ஒருவர் வந்த நாளில் நாங்கள் ஆடிய கூத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. மாதா கோயிலுக்கு ஆயர் வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தோம். வெள்ளை மணல் பரப்பி, தோரணம் கட்டி, மாலை போட்டு, பிள்ளைகளை வரவேற்புப் பாட்டும் பாடவைத்தோம். "ஒருத்தரும் குறை சொல்லாதேங்கோ, வீடு தேடி வந்த மனுசன்" என்று நான்தான் சனத்திடம் சொல்லி வைத்திருந்தேன். அந்த மனுசன் குறை கேட்கத்தான் வந்திருந்தார்.

ஒரு பெண் எழுந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கூலி வேலை.

"எம் பொண்ண இயக்கத்துக்குப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க சார். பதினாறு வயசு. திருப்பித் தரச் சொல்லுங்க."

பின்னால் இயக்கத்துக்காரர் இருவர் நின்றார்கள். ஒருவர் என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வீதி மோசமாம், திருத்தித் தரக் கேட்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி கவனமாக எழுதிக்கொண்டார்.

"சொல்லிட்டீங்களா சார்?"

"ஓம், சொல்லிட்டன்."

விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்று செய்ததாகப் பல காலம் எனக்கு நானே கதை விட்டேன். பொய். பயந்தேன். என் வீட்டிலும் ஒரு மகள் இருந்தாள். இரண்டு மாதத்தில் அந்த வீதிக்குக் கிரவல் மண் கொட்டித் திருத்தினார்கள். வெள்ளைக்காரனிடம் நான் தனியாகக் கேட்டு வாங்கித் தந்ததென்று ஊர் என்னைப் புகழ்ந்தது. நான் அந்த வீதியை விட்டு வயல் வரம்பால் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினேன்.

சண்டை முடிந்தும் வருசக்கணக்காகிவிட்டது. போன மாதம் மன்னார் பஸ் நிலையத்தில் அந்தத் தாயைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளுடைய மகள் திரும்பி வரவேயில்லை. நான் ஒளியப் பார்த்தேன், அதற்குள் கிட்ட வந்துவிட்டாள்.

"அன்னைக்கு நீங்க எனக்காகப் பேசுனீங்க சார். அந்த வெள்ளக்காரந்தான் ஒண்ணும் செய்யல. அடுத்த கெழம காணாமப் போனவங்களப் பத்தி விசாரிக்க வேற வெளிநாட்டுக்காரங்க வர்றாங்களாம். நீங்களே வந்து சொல்லணும். வேற யாரையும் நம்ப முடியல."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வருவீங்களா சார்?"

"ஓம், வாறன்" என்றேன், அன்றைக்குச் சொன்ன அதே குரலில்.