லேயோ, லேயெஸ், லேயே

மாவு ஆட்டி விற்கிறவளுக்குக் கை ஓயாது. வாய் மட்டும் சும்மா கிடக்கும். அந்த வாயை வைத்துத்தான் ஸ்பானிஷ் படித்தேன். வயசான பிறகு புதுப் பாஷையோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு என் பாடு புரியும்.

எதற்கு இந்த வம்பு

மருமகள் லூசியா ஸ்பெயின்காரி. கல்யாணமாகி மோகனூரில் எங்களோடுதான் இருக்கிறாள். அங்கே தனியாக இருக்கும் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் பிரிக்கும்வரை ஜெபப் புத்தகம் படிக்கக் கூடாது. லூசியா வீடியோ போனில் வாசித்துக்காட்ட உட்காருவாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் அழுகை முட்டி, நாலு வரியில் நிறுத்திவிடுவாள். ஜெபம் பாதியில் நின்றால் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். "நான் வாசிக்கறேன், கத்துக்கொடு சாமி" என்றேன். மகன் சிரித்தான்: "ஏம்மா, நீ பஸ் போர்டையே எழுத்துக்கூட்டித்தான படிப்ப!"

'லே' யாருக்கு?

வாசிக்கிறேன் என்பதற்கு 'லேயோ', வாசிக்கிறாய்க்கு 'லேயெஸ்', வாசிக்கிறாளுக்கு 'லேயே'. நம் தமிழ் மாதிரியே வால் மாறினால் ஆள் மாறிவிடுகிறது. அது பிடிபட்டதும் தைரியம் வந்தது. மாவை அள்ளிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். பாத்திரத்தோடு நின்ற பக்கத்து வீட்டு சரசுவுக்கு முகம் சிவந்துவிட்டது: "ஏனுங்கக்கா, மாவு கேட்டதுக்கு என்னைய 'லே'ங்கறீங்களே!"

ஓஹோ

புத்தகப் பக்கத்துக்கு 'ஓஹா', கண்ணுக்கு 'ஓஹோ'. நாக்குப் பழகட்டும் என்று லூசியா என்னைச் சம்பந்தியம்மாவோடு பேச வைத்தாள். அவர் சொல்லச் சொல்ல, நான் மரியாதைக்கு "ஓஹோ... ஓஹோ" என்று கேட்டுக்கொண்டேன். அவர் பதறிப்போய்க் கண்கட்டைத் தடவ ஆரம்பித்துவிட்டார். லூசியா கையெடுத்துக் கும்பிட்டாள்: "அத்தை, ஓஹோ வேண்டாமுங்க. 'ம்' போதுமுங்க."

வாசித்த நாள்

சிரித்த மகனே ஜெபத்தைத் தமிழ் எழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை கடையை முன்னதாகச் சாத்தி, விளக்கேற்றி, முருகனைக் கும்பிட்டுவிட்டு, அவர்கள் மாதாவின் ஜெபத்தை வாசித்தேன். ரெண்டு இடத்தில் நாக்குப் புரண்டது, நிறுத்தவில்லை. முடித்ததும் லூசியாவைத் திரும்பிப் பார்த்தேன். தப்பாக வாசித்துவிட்டேனோ என்று பயம். சம்பந்தியம்மா மெல்ல, "சீகே, சீகே" என்றார். லூசியா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு: "நிறுத்தாதீங்க அத்தை, அம்மா இன்னும் வாசிக்கச் சொல்றாங்க!"

ஒரு ஜெபத்தை முடித்துவிட்டால் போதும் என்றுதான் உயிரைக் கொடுத்துப் படித்தேன். முழுப் புத்தகத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.