பொருந்திக்கொள்ள வந்த மதினி

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுத வந்திருக்கிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் தைரியம்தான்.

சுனாமியில் கடல் வந்து சில வருடம் கழித்து, சண்டை ஓய்ந்த கையோடு, இலங்கையின் கிழக்கில் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டில் சிற்றூழியராக இருந்தேன். மறுநாள் ஒப்பரேசன் இருப்பவர்களைத் தயார்படுத்துவதும் எங்கள் வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் ஒன்றும் படக்கூடாது. காப்பு, தோடு, கட்டுப்பல் எல்லாம் கழற்ற வேண்டும். சொல்வது லேசு. கழற்ற மறுக்கும் காப்புக்குச் சவர்க்கார நுரை போடலாம். ஆட்களுக்கு என்ன போடுவது?

மருதமுனையில் தறி நெய்யும் ஒரு ராத்தாவுக்கு, முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள், பித்தப்பையில் கல். வலி வந்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். முதல்முறை அவரை ஒப்பரேசன் தியேட்டர் வாசல்வரை கொண்டுபோன பிறகு, தெற்கில் இருந்து வந்திருந்த சிங்கள டொக்டர் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டார்.

"என்ன குடிச்ச?"

"ஒண்டுமில்ல டொக்டர். பள்ளிவாசல் லெப்பை ஓதித் தந்த தண்ணி மட்டும்."

"தண்ணி?"

"தண்ணியில்ல டொக்டர். ஓதின தண்ணி. ஒரு செம்பு."

கட்டிலைத் திருப்பி அனுப்பினார்.

இரண்டாம்முறை வாயும் சரி, காப்பும் சரி. ஆனால் ஒரு வழக்கத்தை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நான் பாண்டிருப்புத் தமிழ் ஆள், அதுவரை எனக்கு அது சரியாகத் தெரியாது. ஹஜ்ஜுக்குப் போகுமுன்பும் இப்படியான பெரிய காரியத்துக்கு முன்பும் முஸ்லிம்கள் பழகியவர்களிடம், "ஏதும் பிழை செஞ்சிருந்தா பொருந்திக்கொள்ளுங்க" என்று மன்னிப்புக் கேட்பார்கள். அன்று விடிந்ததும் ராத்தாவுடைய அண்ணனின், அவர்கள் சொல்லில் காக்காவின், மனைவியான மதினி பொருந்திக்கொள்ள வந்தார்.

"பிழை செஞ்சிருந்தா பொருந்திக்கொள்ளுங்க மதினி."

"எந்தப் பிழைக்கு எண்டு சொன்னாத்தானே பொருந்தலாம்?"

"நான் என்ன பிழை செஞ்சன்? நிவாரணத்துல ரெண்டு வீட்டுக்கும் சேத்துத் தந்த தையல் மெஷின அமத்தி வெச்சிரிக்கிற நீங்க."

"அப்ப நானா பொருத்தம் கேக்கணும்? படுத்துக் கிடக்கயுள்ளயும் இந்த வாயப் பாருங்களன்!"

பக்கத்துக் கட்டில்காரி இரண்டு பேருக்கும் மாறிமாறி நியாயம் சொன்னார். பிறகு ராத்தாவின் பிரஷரைப் பார்த்த தாதி, கருவி பழுதோ என்று தன் கையில் கட்டிப் பார்த்தார். கருவியில் பழுதில்லை. அன்றும் ஒப்பரேசன் நடக்கவில்லை.

மூன்றாம்முறைக்கு நாள் கிடைத்தபோது, அந்தக் கிழமையோடு டொக்டர் மாற்றலாகிப் போகிறார் என்று சொன்னார்கள். அடுத்த ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. இதுவும் தவறினால் ராத்தா கொழும்புக்குத்தான் போக வேண்டும். வழியெல்லாம் சோதனைச் சாவடி இருந்த காலம். கூடப் போக அவருக்கு ஆளும் இல்லை.

அதற்கு முதல் நாள் பின்னேரம் ராத்தா அடம்பிடித்தார். "மதினி பொருந்தாம நான் தியேட்டருக்குள்ள போகமாட்டன். மௌத்தானா அல்லாட்ட போய் என்ன சொல்ற?"

தலைமைத் தாதியைப் பெரிய மிஸ் என்போம். அவர் இடுப்பில் கைவைத்தார். "அவ உள்ள வந்தா உங்களுக்குப் பிரஷர் ஏறும். வராட்டி நீங்க போகமாட்டீங்க. இந்த வாட்டில இருந்து ஒழுங்கா ஒரு ஆள் வராதா எண்டு டொக்டர் என்னத்தான் ஏசுறார்."

அதற்குள் மதினி சாப்பாட்டு அடுக்கோடு வாட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். பெரிய மிஸ் என்னைப் பார்த்தார்.

"நீ போய்க் கேட்டுக்கொண்டு வா. வாய் இல்லாத ஆள், சண்டை வராது."

போனேன்.

"ராத்தா பொருத்தம் கேக்கிறாங்க."

"இப்பதான் புத்தி வந்திச்சா? நான் எப்பவோ பொருந்திட்டன் எண்டு சொல்லு புள்ள. ஆனா அந்த வாய் இரிக்கே, அந்த வாயாலதான் எங்கட ஊட்டுல…" என்று மதினி நீட்டிக்கொண்டே போனார்.

எனக்கு நீளமாகச் சொல்ல வராது. கட்டிலடிக்கு வந்து, "எப்பவோ பொருந்திட்டாங்களாம்" என்றேன்.

ராத்தா அழுதார். "நானும் பொருந்திட்டன் எண்டு சொல்லு. மெஷின நாளைக்கே அனுப்பச் சொல்லு. ஊசியோட. துருப்பிடிச்ச ஊசி எண்டா வேணாம்."

வாசலில், "அவங்களும் பொருந்திட்டாங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். மதினியும் முந்தானையால் கண்ணைத் துடைத்து, அடுக்கை என் கையில் தந்தார்.

"புரியாணி. விடியக்க குடு. வெறும் வயித்தோட எப்பிடிப் போவா, பாவம்?"

பெரிய மிஸ் அதை வாங்கித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இரவு முழுக்க வாட்டில் கோழி மணத்தது. ஒருவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை, ராத்தாவைத் தவிர.

மறுநாள் காலை பிரஷர் சரியாக இருந்தது, ஒப்பரேசன் நடந்தது. எடுத்த கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். பின்னேரம் மதினி வந்து கட்டிலடியில் இருந்தார். எனக்கு அன்று பிள்ளைகள் வாட்டில் வேலை போட்டிருந்தார்கள். நான் சொல்லாமல் விட்ட மெஷினையும் வாயையும் அவர்கள் நேருக்கு நேர்தான் பேசிக்கொள்ள வேண்டும்.