ஞாயிற்றுக்கிழமைக் காளான்

காளானுக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று நாற்பத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது.

மழை மாதங்களில் மரக்காணம் உப்பளத்தில் வேலை இருக்காது. பாத்தி, வரப்பு எல்லாம் மூழ்கி ஒரே ஏரியாகக் கிடக்கும். அந்த மாதங்களில் நான் ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறைக்குப் பாத்திரம் கழுவப் போவேன். கறி, மீன், முட்டை எதுவும் அந்தச் சமையலறைக்குள் வராது. அங்கேதான் போன மழைக்கு அதைப் பார்த்தேன்.

சமையல் செய்யும் அம்மா வானூர்ப் பக்கத்துக்காரர். சிப்பிக் காளானைத் தனித்தனியாகப் பிய்க்காமல், அடியோடு சேர்ந்த முழுக் கொத்தாக எடுத்தார். காய்ந்த இரும்புக் கல்லில் எண்ணெய் விடாமல் அப்படியே கவிழ்த்து வைத்தார். அதன் மேல் இன்னொரு கனமான இரும்புச் சட்டியை வைத்து இரண்டு கையாலும் அமுக்கினார். சுர்ரென்று சத்தம் வந்தது. ஓரத்தில் தண்ணீர் நுரைத்து ஓடியது. அதை வடித்துவிட்டுத் திருப்பிப் போட்டு மறுபடி அமுக்கினார். ஒரு தலையணை மாதிரி இருந்த கொத்து, கடைசியில் என் உள்ளங்கை அளவுக்குத் தட்டையாகி, விளிம்பெல்லாம் சிவந்து கிடந்தது. பிறகுதான் எண்ணெய், பூண்டு, மிளகு, உப்பு.

நான் நேராக நின்று பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கழுவிக் கவிழ்த்த பெரிய குண்டானின் பளபளப்பில் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாண்ணே, முதுகக் காட்டிக்கினே பாக்குற? திரும்பித்தான் பாரேன். காளான் ஒண்ணும் எழுந்து ஓடிடாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி என் கையில் வைத்தார். மென்றேன். நார் நாராகப் பிரிந்தது. பல்லுக்கு எதிர்த்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் யாரும் கறி என்றுதான் சொல்வார்கள். என் மனைவிக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்று உடனே நினைத்தேன்.

அவள் கவுச்சி தொட்டு அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டுக்கறி வறுவல். பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்ததும் அவள் புடவையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்ற வைப்பாள். நான் பூண்டு உரிப்பேன். சோம்பும் மிளகும் மல்லியும் வறுத்து இடித்து, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, சட்டியில் தண்ணீர் சுண்டும்வரை கிளறுவாள். உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு துண்டு எடுத்து ஊதி ஊதி வாயில் போடுவாள். பிறகு இன்னொன்று. பிறகு காரம் பார்க்க ஒன்று.

"எம்மா, நீ உப்புப் பாத்தே அரக் கிலோவ முடிச்சிடுவ. எங்களுக்கு சட்டிதானா?" என்பாள் எங்கள் மகள்.

"போடி, ஆக்குறவளுக்கு இல்லாததா?" என்று அவள் இன்னொன்றை எடுப்பாள்.

மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. உப்பு வாரும் மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பதினோராம் நாள் காலையில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த உறவுக்காரர்கள் சாப்பிடச் சொன்னபோது மனைவி, "நான் மாதாவுக்கு நேர்ந்துகிட்டேன். புள்ளையக் காப்பாத்திக் குடுத்தா சாவுற வரைக்கும் கவுச்சி தொட மாட்டேன்னு" என்றாள். புள்ளைதான் போய்விட்டதே, அந்த நேர்ச்சை இனி உன்னைக் கட்டாது என்று எல்லோரும் சொன்னார்கள். பங்குச் சாமியாரும் வீட்டுக்கு வந்து அதையே சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் தொடவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்துக்கூட எனக்கு மட்டும் போடுவாள். அவளுக்கு ரசமும் சோறும்.

ரசமும் சோறும் தின்றுவிட்டு உப்பளத்தில் கூடை சுமக்க முடியாது. போன கோடையில் வரப்பில் மயங்கி விழுந்தாள். உப்பின் மேல் விழுந்ததில் முழங்கை கிழிந்துவிட்டது. சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸம்மா அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ரத்தமே இல்லியேம்மா. முட்டையாவது சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டார். "சாப்பிடுறேங்க" என்றாள். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள். அவளுடைய ரவிக்கைகளை அவளே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மகளைத் தூக்கிக் கொடுத்த மாதிரி இவளையும் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

அதனால்தான் அந்தக் காளான் துண்டை மென்றபோது எனக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. காளான் கவுச்சி இல்லை. நேர்ச்சையும் உடையாது, உடம்பும் தேறும்.

சமையல்கார அம்மாவிடம் கேட்க மூன்று நாள் ஆனது.

"வூட்ல செய்யறதுக்கா? யாருக்குண்ணே?"

"வூட்ல... அவங்களுக்கு."

"கட்டின பொண்டாட்டிக்கு ஆக்கிப் போட இவ்ளோ வெக்கமா? நல்லாக் கேட்டுக்க. அமுக்குறதுதான் வேல. அவசரப்படாத. உப்ப மட்டும் கடைசில போடு."

அவர் சொன்னதைத்தான் நான் செய்யவில்லை. எங்கள் ஊரில் பச்சையாக எது வீட்டுக்குள் வந்தாலும் முதலில் ஒரு கை உப்பைப் போட்டுப் பிசறுவோம். மீனானாலும் கறியானாலும் அதுதான் வழக்கம். கை அதுவாகவே கல்லுப்பை அள்ளிவிட்டது. மனைவி நூறு நாள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், தோசைக்கல்லில் கொத்தைக் கவிழ்த்து, மேலே இன்னொரு தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் அம்மிக்குழவியை ஏற்றி அமுக்கினேன். தண்ணீர் எல்லாம் போனது. உப்பு போகவில்லை. வாயில் வைக்க முடியவில்லை. தண்ணீர் போய் உப்பு நிற்பதை இருபத்தைந்து வருடமாகப் பாத்தியில் தினமும் பார்க்கிறவன், அதைத் தோசைக்கல்லில் மறந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்தேன்.

இரண்டாவது தடவை தீ அதிகமாகி ஓரம் கருகியது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. ஆனால் அது விடுதியின் ருசி. அவளுடைய ருசி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டுப் பூசைக்குப் போகவில்லை. அவள் கிளம்பியதும் மேல் பலகையிலிருந்து மசாலா டப்பாவை எடுத்தேன். மூடியில் மகள் பேனாவால் எழுதி ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. 'கறி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மாட்டுத் தலை வரைந்திருந்தாள். உள்ளே தூள் கட்டிப் போயிருந்தது. மணம் எதுவும் இல்லை. டப்பாவைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு, புதிதாகச் சோம்பும் மிளகும் மல்லியும் வறுத்தேன். எவ்வளவு வறுக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தவன்தானே.

இரண்டு கொத்தை நன்றாக அமுக்கித் தண்ணீரை எடுத்தேன். மசாலாவைத் தடவி, தேங்காய்ப் பல்லோடு எண்ணெயில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்கவிட்டேன். கடைசியில் உப்பு. கத்தியால் விரல் மொத்தத்துக்கு வெட்டித் தட்டில் அடுக்கினேன்.

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பூசை முடிந்த நேரம் தெரு முழுக்கக் கறி வாசனைதான் இருக்கும். அதையெல்லாம் கடந்து வந்தவளுக்குத் தன் வீட்டிலிருந்தும் அதே வாசனை.

"யாரு குடுத்தாங்க?"

"நான்தாம்மே செஞ்சேன். காளான். சோறு போடுறேன், ஒக்காரு."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். இரண்டு தடவை மென்றாள். தாடை நின்றுவிட்டது.

"இன்னாயா இது?"

"காளான்."

"என் மூஞ்சப் பாத்து சொல்லு."

அதுதான் எனக்கு வராது. கல்யாணத்தன்று பீடத்தில் நின்றபோதும் நான் அவள் கால் விரலைத்தான் பார்த்தேன். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு நான் குனிந்தது அவளுக்குப் பொய்யாகப் பட்டுவிட்டது.

"நீ வெளிய கறி துன்னுட்டு வாயக் கொப்புளிச்சிக்கினு வர்றது எனக்குத் தெரியும். ஒரு நாளாவது கேட்டிருக்கனா? எனக்கு ஏன்யா இந்த வேல பண்ற?"

நான் எழுந்து ஓடிப் போய்ப் பின்னால் போட்டிருந்த பையை எடுத்து வந்தேன். வெட்டிப் போட்ட அடித்தண்டு, அதில் ஒட்டிய வைக்கோல், பிய்ந்த காளான் மடல் இரண்டு. எல்லாவற்றையும் அவள் முன்னால் தரையில் கொட்டினேன். அவள் அந்த மடலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். தட்டில் இருந்ததையும் முகர்ந்தாள்.

"காளானா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

பிறகு வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள். ஊதி வாயில் போட்டாள். அப்புறம் இன்னொன்று. சோற்றைத் தொடவில்லை. "மொளகு தூக்கலா போட்டுட்ட. நல்லாத்தான் இருக்குயா" என்று சொல்லிக்கொண்டே, தட்டில் கிடந்த மசாலாவை விரலால் வழித்து நக்கினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சாப்பிடுவதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆறாவது துண்டோ ஏழாவது துண்டோ, கையை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். துண்டைத் தட்டில் வைத்தாள். எழுந்து பின்பக்கம் போனாள். குடத்துத் தண்ணீரை எடுத்து வாய் கொப்புளிக்கும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அவள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, விரலை விட்டு நாக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காளான்தானேமே. அதான் காட்டினனே."

"காளான்தான்யா. ஆனா நான் ஆசையா துன்னனே. அதத்தான் விட்டுடுறேன்னு சொன்னேன்."

அவளே பேசினாள். என்னைப் பார்த்து இல்லை, குடத்தைப் பார்த்து.

"மொத நாளு, மெழுவர்த்தி ஏத்துறேன்னு சொன்னேன். மூணாவது நாளு, முடி எறக்குறேன்னு சொன்னேன். அப்புறம் வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னு சொன்னேன். அப்பவே எனக்குத் தெரியும்யா. நமக்கு எது ரொம்பப் புடிக்குமோ அதத்தான் குடுக்கணும். எனக்கு எது புடிக்கும்னு மாதாவுக்குத் தெரியாதா? வாய் வரல. இத விட்டுட்டு எப்படி இருப்பேன்னு ரோசன பண்ணினு இருந்தேன். அங்க புள்ள கெடக்குது, நான் கறிய ரோசன பண்ணினு இருந்தேன். பத்தாவது நாளு ராத்திரிதான் சொன்னேன். வெடிஞ்சா போயிட்டா."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லமே."

"இல்லாமலும் இருக்கலாம். எனக்கு எப்படியா தெரியும்? மொத நாளே சொல்லிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

இரண்டு வருடமாக அவள் இதைத்தான் சோற்றோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அவள் பக்கத்தில் ஈர மண்ணில் உட்கார்ந்தேன். என்னிடமும் ஒன்று இருந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்த ஒரு கெபி உண்டு. எல்லோரும் முழங்காலில் நின்று வாய்விட்டு அழுது கேட்டார்கள். நான் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். இத்தனை பேர் முன்னால் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். என் பிள்ளைக்காக மாதாவிடம் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மீதிக் காளானை அவள்தான் எடுத்துப்போய்ப் பின்னால் புதைத்தாள். நான் முன்பு தோண்டிய குழிக்குப் பக்கத்திலேயே.

பத்து நாள் போயிருக்கும். நான் வேலைக்குக் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"வரும்போது அந்தக் காளான் வாங்கிக்கினு வா. நர்ஸம்மா மறுபடியும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்னு சொல்லி அனுப்பிச்சிது. எதுனா துன்னுதான் ஆவணும்."

"சரிமே."

"ஆனா நல்லா பண்ணாத."

அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். கொத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து விடுகிறேன். அமுக்குவதில்லை. தண்ணீரை வடிப்பதில்லை. மிளகு, சோம்பு எதுவும் இல்லாமல் மஞ்சள் தூள் மட்டும் போட்டு, பருப்போடு வேகவிடுகிறேன். வழவழவென்று ருசியே இல்லாமல் கிடக்கும். அவள் மருந்து மாதிரி இரண்டு கரண்டி சாப்பிடுகிறாள். இந்தக் கோடையில் வரப்பில் விழவில்லை. உப்புப் பார்க்க மட்டும் அடுப்புப் பக்கம் வருவதில்லை. நானே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் கை தவறி ருசியாக வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன்.

மறுபடி மழை வந்தது. உப்பளம் மூழ்கியதும் விடுதிக்குப் போனேன். சமையல்கார அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"இன்னாண்ணே, போன வருசம் கத்துக்கினு போனியே, செஞ்சி குடுத்தியா? புடிச்சிதா வூட்ல?"

"புடிச்சிதுங்க. ரொம்பப் புடிச்சிது."

"பின்ன ஏன் மூஞ்ச அப்படி வெச்சிருக்க?"

நான் குழாயைத் திறந்துவிட்டு, பெரிய குண்டானைக் கழுவ எடுத்தேன்.