இடம் மாறும் பிழை

பார்வையற்றோர் பள்ளியை ஒட்டியிருந்த பிரெயில் அச்சகத்தில் அவளை எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விரலால் தடவிப் படிக்கும் அந்த ஆறு புள்ளி எழுத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்துவருகிறவள். மூன்று மாதத் தற்காலிக வேலை என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மாதம் முடிந்ததை அவளும் ஞாபகப்படுத்தவில்லை, அவர்களும் ஞாபகப்படுத்தவில்லை.

அங்கே மெய்ப்பு பார்க்கும் பெண் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அடித்து வந்த பக்கத்தின் மேல் இரண்டு கை விரல்களையும் ஓடவிட்டு, "ஒன்பதாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்பாள். தட்டச்சு செய்கிறவர்கள் சுள்ளென்று விழுவார்கள். புள்ளியக்கா மட்டும், "எங்க, காட்டு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். இப்படி ஒரு வருஷம் பார்த்துவிட்டு அந்தப் பெண் தன் அண்ணனிடம் போய், "தப்பைச் சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத பொண்ணு ஒண்ணு எங்க ஆபீஸ்ல இருக்கு. பாருண்ணா" என்றாள். பேருந்து ஓட்டுநரான அண்ணனும் பார்த்தான். அக்கா என்று கூப்பிட்டவள் அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தது அப்படித்தான். இப்போது மூன்று பேரும் இரண்டாவது மாடியில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நாத்தனார் வீட்டிலும் மெய்ப்பு பார்ப்பாள், உப்பிலிருந்து உடுப்பு வரை. அதற்குச் சம்பளம் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை அச்சகத்துக் கணினி இரண்டு முறை கிர்ரென்று இழுத்துவிட்டு அடங்கிப்போனது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பாடங்களுக்கெல்லாம் வேறு இடத்தில் பிரதி இருந்தது. ஆனால் கணக்குப் பாடத்தைப் பிரெயிலாக மாற்றித் தரும் மென்பொருள் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது. பள்ளியில் முன்பு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் எழுதித் தந்தது அது. அவர் இறந்து ஆறு வருஷமாகிறது. கடையில் கிடைக்கிற மென்பொருள்கள் கதை, கட்டுரையையெல்லாம் ஒழுங்காக மாற்றும். வர்க்கமூலத்தையும் அடுக்கையும் கண்டால் மிரண்டுவிடும்.

அலமாரியைக் குடைந்ததில் ஒரு குறுந்தகடு கிடைத்தது. அதில் வாத்தியார் எழுதிய மூல நிரல் இருந்தது. உறையின் மேல் அவர் கையெழுத்தில் கம்பைலர் ஒன்றின் பெயரும் பதிப்பு எண்ணும், கீழே ஒரு வரியும்: 'இந்தப் பதிப்பில் மட்டும். புதியதில் பின்னம் புரளும்.'

மனிதர் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலர் என்பது புள்ளியக்காவுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அச்சகத்தின் இன்னொரு கணினியில் இருந்த புதிய கம்பைலரில் போட்டுப் பார்த்தாள். மென்பொருள் ஓடியது. முக்கால் என்று கொடுத்தால் நான்கு மேலேயும் மூன்று கீழேயுமாக வந்தது. வாத்தியார் பொய் சொல்லவில்லை.

வெளியே விசாரித்தபோது, புதிதாக எழுதித் தர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். பள்ளி திறக்க ஐந்து வாரம் இருந்தது. மேல் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் கணக்குப் புத்தகத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"என்னம்மா செய்யலாம்?" என்றார் மேலாளர். ஏதாவது கெட்டுப்போனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது அவர் வழக்கம்.

"நான் வீட்டுல வெச்சுப் பாக்கறேன் சார்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். பாக்கறேன்."

வீட்டுக் கணினி நாத்தனாருக்காகப் பழையதாக வாங்கியது. புத்தகங்களைக் குரலில் வாசித்துக் காட்டும். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், சன்னலுக்குக் கீழே இருந்தது.

அந்தப் பழைய பதிப்பு நிறுவத் தயாரான வடிவில் எங்குமே கிடைக்கவில்லை. மூல நிரல் மட்டும் ஒரு காப்பகத்தில் இருந்தது. அதை இறக்கி, கம்பைலரையே வீட்டில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். வேலை நடக்கும் விதத்தை அவள் காலைக் காபியின்போது நாத்தனாருக்கு விளக்கினாள்.

"இப்ப இருக்கற கம்பைலர் முதல்ல இந்தப் பழசைச் செஞ்சு குடுக்கும். அது மறுபடி தன்னையே ஒரு தடவை செய்யும். அப்படி வந்தது திரும்பவும் தன்னைச் செய்யும். கடைசியில ரெண்டாவதையும் மூணாவதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒரு எழுத்து மாறியிருக்கான்னு பாக்கும்."

"அப்ப அது தன் மெய்ப்பைத் தானே பாத்துக்குது" என்றாள் நாத்தனார். "நல்ல பிள்ளைதான்."

நல்ல பிள்ளை முதல் நாளே அடம்பிடித்தது. ஆரம்பித்த அரை நிமிஷத்தில், தனக்கு வேண்டிய மூன்று கணித நூலகங்கள் இல்லை என்று நின்றது. அவற்றைத் தேடிப் போட்டாள். அடுத்து, பழைய நிரலின் எழுத்துமுறை புதிய கம்பைலருக்குப் பிடிக்கவில்லை என்று நூறு வரி புலம்பியது. 'பழைய விதிப்படி வாசி' என்று கட்டளையில் ஒரு சொல் சேர்த்ததும் அடங்கியது. பிறகு கம்பைலரோடு வரும் விளக்கக் கையேட்டைத் தயாரிக்க முடியவில்லை என்று நின்றது.

"சமையல் முடிஞ்சுடுச்சு, சமையல் குறிப்பு அச்சாகல, அதனால சோறு போட மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே கையேடு வேண்டாம் என்று எழுதிவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், எந்தக் கோப்பில் நின்றது, என்ன சொல்லி நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். திரையில் கடைசியாக வரும் பிழைச் செய்தி பெரும்பாலும் உண்மையான பிழையாக இருப்பதில்லை, மேலே ஏறிப்போய் முதலில் வந்ததைத்தான் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த வாரத்தில்தான் கற்றுக்கொண்டாள். வேலையை நான்கு கூறாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டினால் சீக்கிரம் முடியும் என்று எங்கோ படித்துவிட்டு அப்படியும் செய்தாள். நினைவகம் போதாமல் கணினியே வேலையை நிறுத்திவிட்டது. சரியென்று ஒற்றை வரிசையில் ஓட்டினாள்.

அதற்குப் பிறகுதான் விளங்காத தொல்லை தொடங்கியது. ஒரு மணி நேரம் நன்றாக ஓடும். திடீரென்று தனக்குள்ளேயே ஏதோ பிழை என்று சொல்லி நின்றுவிடும். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. கொடுத்த கட்டளையையே திரும்பக் கொடுத்தால் அந்த இடத்தைச் சாதாரணமாகத் தாண்டி வேறெங்கோ போய் நிற்கும். ஒரு முறை கடைசி வரை போய்விட்டது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டத்தில், ஒத்துப்போகவில்லை என்று கைவிரித்தது.

இரண்டாவது வாரம் முடிந்தது. வேறு கட்டளைகளைச் சேர்த்தாள், எடுத்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். கோபம் வரவில்லை, ஆனால் பேச்சு குறைந்துபோனது. கணவன் சாப்பிடும்போது, "என்ன, வண்டி கிளம்பலையா?" என்றான்.

"கிளம்புதுங்க. எங்க நிக்கும்னுதான் தெரியல."

"நம்ம ரூட்டு மாதிரின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, அவள் சிரிக்காததைப் பார்த்து மோர்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

மறுநாள் விடுமுறை. நாத்தனார் துணிகளை மடித்துக்கொண்டே, "அண்ணி, அந்த நோட்டைக் கொஞ்சம் படிங்க" என்றாள்.

"அதுல என்ன இருக்கு? வெறும் கோப்புப் பேரு."

"பரவால்ல, படிங்க."

புள்ளியக்கா படித்தாள். நாத்தனார் கையில் இருந்த சட்டையை மடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது வரி வந்ததும் குறுக்கிட்டாள்.

"முதல் நாலஞ்சு தடவை நின்ன இடம், சரி பண்ற வரைக்கும் மாறவே இல்ல. இல்லையா?"

"ஆமா."

"இப்ப?"

"ஒவ்வொரு தடவையும் வேற வேற இடம்."

"அப்ப அது நீங்க பண்ணின தப்பு இல்ல, எழுதினவங்க தப்பும் இல்ல. எழுதினதுல தப்பு இருந்தா எத்தனை பிரதி எடுத்தாலும் அங்கயேதான் இருக்கும். நம்ம அச்சு மிஷின்ல நாலாம் புள்ளி ஊசி தேஞ்சப்ப எப்படி இருந்துச்சு? ஒரு பிரதியில ஒரு எழுத்துல புள்ளி விழல, அடுத்ததுல வேற எழுத்துல விழல. நீங்ககூட மூணு நாள் உங்க தட்டச்சையே திட்டிக்கிட்டு இருந்தீங்க."

புள்ளியக்கா நோட்டை மூடினாள். "மிஷின்ல தேஞ்சிருக்குங்கற."

"எனக்கு அது உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. ஆனா தேய்மானம் அப்படித்தான் பேசும்."

கணினியில் நினைவகத்தைச் சோதிக்கும் சிறு மென்பொருள் ஒன்று உண்டு என்று அவள் முன்பே படித்திருந்தாள். நிரலில்தான் குறை என்று நம்பியதால் அந்தப் பக்கம் போகவில்லை. அன்று காலையே ஓடவிட்டாள். நினைவகத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனது. பகல் சாப்பாடு முடிந்து வந்தபோது திரையில் மூன்று சிவப்பு வரிகள் இருந்தன. கோடிக்கணக்கான கட்டங்களில் மூன்று இடம் கொடுத்ததைத் திருப்பித் தரவில்லை.

"மூணே மூணு" என்றாள்.

"குரல்ல புத்தகம் கேக்கறப்ப அப்பப்ப ஒரு சொல் உளறும்" என்றாள் நாத்தனார். "நான் அதைப் படிக்கற குரலோட குறைன்னு விட்டுட்டேன்."

கணவனின் திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சு மாதிரி தூசி. உள்ளே நினைவகமான ரேம் பட்டைகள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றைக் கழற்றிவிட்டுச் சோதித்தாள், சிவப்பு வந்தது. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, முதலில் கழற்றியதைப் பொருத்தினாள். மாலை வரை ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை. கெட்ட பட்டையை ஒரு காகிதத்தில் சுற்றி, மேலே 'கெட்டது' என்று எழுதி, அதன் கீழேயே நாத்தனாருக்காகப் பிரெயிலிலும் குத்திவைத்தாள்.

வேலை முடிந்து வந்த கணவன் எட்டிப் பார்த்தான். "பாதி நினைவை வெச்சுக்கிட்டு ஓடுமா?"

"மெதுவா ஓடும்."

"ஓடட்டும். முழு நினைவோட இருக்கறவங்க என்ன கிழிச்சுட்டாங்க?"

மறுநாளும் விடுமுறைதான். காலை ஏழு மணிக்குத் தொடங்கினாள். திரையில் எழுத்துகள் மேலே மேலே போய்க்கொண்டிருக்க, அவள் வீட்டைப் பெருக்கினாள், தலையணை உறைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். கணினியின் விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. நாத்தனார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் சுற்று பதினொரு மணிக்கு முடிந்தது. இரண்டாவது சுற்று இரண்டரைக்கு. ஐந்தே முக்காலுக்கு விசிறியின் சத்தம் தணிந்தது.

"அண்ணி, நின்னுடுச்சு" என்றாள் நாத்தனார்.

புள்ளியக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பிழை என்று எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தது, இரண்டும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். நம்பாமல் மேலே ஏறிப்போய் ஒரு முறை தேடினாள். பிறகு வாத்தியாரின் நிரலை அதில் போட்டாள். பத்தே விநாடி ஆனது. முக்கால் கொடுத்தாள். நான்கின் கீழே போன மூன்று திரும்ப மேலே வந்து உட்கார்ந்திருந்தது.

"சரியா வந்துடுச்சு" என்றாள். நாத்தனார் கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அச்சகத்தில் முதல் பாடம் புள்ளி புள்ளியாக அடித்து வந்தபோது மேலாளர் கண்ணாடியைத் துடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் பக்கத்தை வாங்கி மேசையில் வைத்து, எப்போதும்போல அவசரமில்லாமல் விரல்களை ஓடவிட்டாள்.

"பதினாறாவது வரியில ஒரு காற்புள்ளி விட்டிருக்கீங்க அண்ணி. மத்தது சரி."

"எங்க, காட்டு" என்று புள்ளியக்கா நாற்காலியை இழுத்தாள்.

மூன்று தொகுதிகளாகப் பன்னிரண்டு பிரதிகள், பள்ளி திறப்பதற்கு நான்கு நாள் முன்பே போய்ச் சேர்ந்தன. வீட்டில் உருவாக்கிய பழைய பதிப்புக் கம்பைலரும் வாத்தியாரின் மென்பொருளும் இப்போது நான்கு இடங்களில் பிரதியாக இருக்கின்றன. வீட்டுக் கணினிக்கு மேலாளரே ஒரு நல்ல ரேம் பட்டை வாங்கி அனுப்பினார்.

அடுத்த மாதம் வேதியியல் புத்தகம் வந்தது. அதில் வரும் இருபக்க அம்புக்குறிக்கு வாத்தியாரின் மென்பொருளில் இடமே இல்லை. புள்ளியக்கா பகல் இடைவேளையில் மூல நிரலைத் திறந்து, குறிகளின் பட்டியல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். நாத்தனார் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, "சத்தமாப் படிங்க" என்றாள்.